அண்ணன் வேலையை இறக்குமதி பறித்தது, நான் இறக்குமதிப் பிரிவில் இருக்கிறேன்

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது. அடையாளம் தெரியக்கூடிய எதையும் சேர்க்கவில்லை.

அவருக்கு 34 வயது. ஆயத்த ஆடைகள் விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். கூலி குறைந்த நாடுகளில் உள்ள தையல் ஆலைகளோடு விலை பேசுவது, ஆர்டர் போடுவது, சரக்கு சொன்ன நாளுக்கு வருகிறதா என்று துரத்துவது அவர் வேலை. அவருடைய அண்ணன் 19 வருடங்கள் ஒரு மோட்டார் ஆலையில் வேலை பார்த்தவர். இறக்குமதிச் சரக்கோடு போட்டிபோட முடியவில்லை என்று சொல்லி நிர்வாகம் சில மாதங்களுக்கு முன்பு ஆலையை மூடிவிட்டது. 48 வயதில் இப்போது காவலாளி வேலை, பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. "உன்னை மாதிரி ஆட்கள்தான் எங்கள் வயிற்றில் அடிக்கிறீர்கள்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, உலக வர்த்தக நிறுவனத்தின் மீதே வழக்குப் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அலுவலகத்தில் மேலாளரோ, "நம் ஆர்டர்தான் ஏழை நாடுகளை வறுமையிலிருந்து தூக்குகிறது, தலை நிமிர்ந்து நட" என்கிறார். இதற்கிடையே, தணிக்கை முடிந்த ஆலைக்குப் போட்ட ஆர்டர் ஒன்று பட்டியலில் இல்லாத வேறொரு சின்ன இடத்தில் தைக்கப்படுகிறது என்று வாசகிக்குத் தெரியவந்திருக்கிறது. மேலாளரிடம் சொன்னதற்கு, "சரக்கு வந்தால் போதும், தோண்டாதே" என்று பதில். சப்ளையர் பட்டியலைச் சரிபார்த்ததாக ஒரு படிவத்திலும் கையெழுத்துக் கேட்கிறார்களாம்.

அவர் கேட்பது நான்கு. தடையற்ற வர்த்தகம் ஏற்றத்தாழ்வைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா? நான் வேலையை விட்டுவிடலாமா? இந்த மாதிரி ஆலைகளில் தைத்த துணியை வாங்காமல் இருந்தால் புண்ணியமா? அண்ணனுக்குச் சட்டத்தில் ஏதாவது வழி உண்டா?

அன்புள்ள வாசகிக்கு,

தொழிலாளர் வழக்குகளும் வர்த்தக ஒப்பந்தங்களும் பார்க்கிற வழக்கறிஞர் நான். உங்கள் கடிதத்தில் பெரிய கேள்விகள் இருந்தாலும் என் கண் முதலில் போனது அந்தக் கையெழுத்தின் மேல்தான். அதை இப்போதைக்குப் போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் வீட்டுச் சண்டைக்கு வருவோம்.

அண்ணன் கணக்கும் மேலாளர் கணக்கும்

உங்கள் மேலாளர் சொல்வது வெறும் சமாதானம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், அது முழுக்க அப்படியில்லை. உலக வங்கி 2015 முதல் 2022 வரை பயன்படுத்திய வறுமைக் கோட்டின்படி 1990இல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கடும் வறுமையில் இருந்தார்கள், 2015இல் அது பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. நாடுகளுக்கு இடையே இருந்த இடைவெளியும் இந்தக் காலத்தில் குறைந்திருக்கிறது, அதற்கு முந்தைய ஒன்றரை நூற்றாண்டில் அது பெரும்பாலும் கூடிக்கொண்டேதான் போனது.

ஆனால் இந்தக் குறைவில் மிகப் பெரிய பங்கு சீனாவுடையது. நாற்பது வருடங்களில் அங்கே மட்டும் ஏறத்தாழ 80 கோடிப் பேர் வறுமையிலிருந்து மேலே வந்திருக்கிறார்கள். அந்தச் சீனா பாடப்புத்தகம் சொல்லும் தடையற்ற வர்த்தகத்தைப் பின்பற்றிய நாடா என்றால், இல்லை. 1978க்குப் பிறகு முதலில் நடந்தது விவசாயச் சீர்திருத்தம். உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது 2001 டிசம்பரில்தான். நடுவில் இருந்த வருடங்களில் சுங்க வரி, அரசு நிறுவனங்கள், வெளிநாட்டுப் பணம் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் கட்டுப்பாடு என்று எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்துக்கொண்டு, தனக்கு வசதியான வேகத்தில்தான் கதவைத் திறந்தது. ஆகவே உலகச் சந்தையில் விற்க முடிந்தது அதற்கு உதவியது என்று சொல்லலாம், கதவை முழுக்கத் திறந்துபோட்டதால் வளர்ந்தது என்று சொல்ல முடியாது. மேலாளர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார், வசதியாக.

அண்ணன் பக்கம் வருவோம். அவர் கோபத்துக்கும் கணக்கு இருக்கிறது. கிறிஸ்டோஃப் லாக்னர், பிராங்கோ மிலனோவிச் என்ற பொருளாதார நிபுணர்கள் இருவரும் 1988 முதல் 2008 வரை உலக மக்களின் வருமானத்தை ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நிறுத்தி, யாருக்கு எவ்வளவு கூடியது என்று வரைந்தார்கள். அந்தக் கோடு யானையின் பக்கவாட்டு உருவம் மாதிரி வந்ததால் யானை வளைகோடு என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. நடுவில் உயர்ந்து நிற்கும் முதுகில் பெரும்பாலும் ஆசியாவின் புதிய நடுத்தர வர்க்கம். தூக்கிய தும்பிக்கை நுனியில் உலகின் உச்சியில் இருக்கும் ஒரு சதவீதம். இரண்டுக்கும் இடையில் கோடு பள்ளமாக இறங்குகிற இடத்தில், இருபது வருடம் உழைத்தும் வருமானம் அநேகமாக நகராதவர்கள், முக்கியமாகப் பணக்கார நாடுகளின் ஆலைத் தொழிலாளர்களும் கீழ் நடுத்தர மக்களும். இது சதவீதக் கணக்கு. கூடிய பணத்தை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் அதில் ஏறத்தாழ 44 சதவீதம் உச்சியில் இருந்த 5 சதவீதம் பேருக்குப் போயிருக்கிறது.

நாடுகளுக்கு இடையே இடைவெளி குறைந்ததும், பல நாடுகளுக்கு உள்ளே இடைவெளி கூடியதும் ஒரே காலத்தில் நடந்தவை. அண்ணன் ஒன்றைப் பார்க்கிறார், மேலாளர் இன்னொன்றைப் பார்க்கிறார், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நீங்கள் இரண்டையும் கேட்கவேண்டியிருக்கிறது!

வர்த்தகத்தால் சிலருக்கு அடி விழும் என்பது பொருளாதார நிபுணர்களுக்கு நேற்றுத் தெரிந்த விஷயம் இல்லை. உழைப்பு விலையேறிய நாடு சந்தையைத் திறந்தால் அங்கே தொழிலாளியின் கூலி இறங்கலாம் என்று ஸ்டோல்பர், சாமுவேல்சன் இருவரும் 1941லேயே கணக்குப்போட்டுக் காட்டிவிட்டார்கள். அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம் இதுதான்: மொத்தத்தில் லாபம் நஷ்டத்தைவிட அதிகம், ஆகவே லாபம் அடைந்தவரிடமிருந்து எடுத்து நஷ்டப்பட்டவருக்குக் கொடுத்துவிடலாம். கொடுத்து'விடலாம்' என்று எழுதினார்களே தவிர, கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த வர்த்தக ஒப்பந்தத்திலும் யாரும் எழுதவில்லை. அமெரிக்காவில் 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின என்று டேவிட் ஓட்டர், டாரன் அசெமோக்ளு உள்ளிட்டோர் மதிப்பிட்டார்கள். வேலை போனவர்கள் வேறு ஊருக்கும் வேறு தொழிலுக்கும் மாறிக்கொள்வார்கள் என்ற அனுமானம் அங்கே பெரிய அளவில் நடக்கவில்லை. அடி சில ஊர்களிலேயே குவிந்து அங்கேயே தங்கிவிட்டது. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு உதவ 1962இல் அந்த நாடு தொடங்கிய திட்டமும் 2022 ஜூலையோடு புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திக்கொண்டது.

அதே சமயம் டென்மார்க், ஸ்வீடன், நெதர்லாந்து எல்லாம் அமெரிக்காவைவிட எவ்வளவோ திறந்த பொருளாதாரங்கள், உள்ளே ஏற்றத்தாழ்வோ அமெரிக்காவைவிடக் குறைவு. வரி, வேலையின்மை உதவி, மறுபயிற்சி, பேரம் பேசும் பலமுள்ள சங்கங்கள் இவையெல்லாம் அங்கே இருக்கின்றன. திறந்த பொருளாதாரம் உள்ள நாடுகளில் அரசின் செலவும் பொதுவாக அதிகமாக இருக்கிறது என்று பொருளாதார நிபுணர் தானி ரோட்ரிக் 1998இல் காட்டினார். ஆகவே உங்கள் அண்ணன் தன் கோபத்தை ஒரே முகவரிக்கு அனுப்புகிறார் என்பதுதான் என் குறை, கோபம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆலையை மூடியதில் இறக்குமதிக்குப் பங்கு இருக்கலாம், இயந்திரமயமாக்கலுக்கும் இருக்கலாம், மூடிய பிறகு அவர் காவலாளி வேலைக்குப் போய் நிற்கவேண்டி வந்ததற்கு உள்நாட்டுச் சட்டமும் பட்ஜெட்டும் காரணம். அதில் தங்கைக்கு எவ்வளவு பங்கு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தக் கையெழுத்து

இதில் நீங்கள் ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். "நான் சின்ன ஆள், மேலாளர் சொன்னதைச் செய்தேன், பொறுப்பு கம்பெனிக்குத்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் என்று தெரிந்தே ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால், மேலே இருப்பவர் சொன்னார் என்பது பெரும்பாலான நாடுகளில் முழுப் பாதுகாப்பு ஆகாது. பிரச்சினை வெடிக்கும்போது மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன "தோண்டாதே" எங்கேயும் பதிவில் இருக்காது, உங்கள் கையெழுத்து இருக்கும்.

வெடிக்குமா என்று கேட்டால், வெடித்திருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசலைப் பார்த்திருந்தார்கள், மறுநாள் காலை தொழிலாளர்களை உள்ளே வரச்சொன்னார்கள். தங்கள் துணி அங்கே தைக்கப்படுவது தங்களுக்குத் தெரியாது என்று சில நிறுவனங்கள் பிறகு சொன்னதும், இடிபாடுகளுக்குள் லேபிள்களைத் தேடி எடுத்துத்தான் யாருடைய ஆர்டர் என்று நிறுவ வேண்டியிருந்ததும் நினைவிருக்கும். பட்டியலில் இல்லாத இடத்துக்கு வேலை நழுவுவது உங்கள் துறையில் சின்ன நடைமுறைப் பிசகு இல்லை, ஆள் சாகிற இடம் அதுதான்.

அதற்குப் பிறகு சட்டமும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. பிரான்ஸ் 2017இல் பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர்களிடம் நடப்பதையும் கவனிக்கவேண்டும் என்று சட்டம் போட்டது. ஜெர்மனியின் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் பொது விதியொன்றைக் கொண்டுவந்துவிட்டு, பிறகு அதைத் தள்ளிப்போடவும் குறுக்கவும் ஆரம்பித்துவிட்டது (கொள்கையில் முன்னால் ஒரு அடி, பயத்தில் பின்னால் முக்கால் அடி). உங்கள் நிறுவனம் இந்தச் சந்தைகளில் விற்கிறதா என்று பாருங்கள். விற்றால் அந்தப் படிவம் வெறும் அலுவலகச் சடங்கு இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது:

1. பார்த்ததை எழுத்தில் சொல்லுங்கள். மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல், விதிமுறைப் பிரிவுக்கு அதன் நகல். தேதி, ஆர்டர் எண், உங்களுக்கு எப்படித் தெரியவந்தது, இது சரியாகும்வரை சரிபார்த்ததாகக் கையெழுத்திட முடியாது. இவ்வளவு போதும். பிரசங்கம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம்.

2. கம்பெனிக் கோப்புகளை வீட்டுக்கோ சொந்த மின்னஞ்சலுக்கோ அனுப்பாதீர்கள். நல்ல நோக்கத்தில் செய்தாலும் ரகசியத்தை மீறியதாகச் சொல்லி உங்களையே வெளியேற்ற அது ஒன்றே போதும். நடந்ததை உங்கள் சொந்த நோட்டில் தேதிபோட்டு எழுதிவையுங்கள்.

3. வெளியே பேசுவதற்கு முன்னால் உள்ளூர் வழக்கறிஞரைப் பாருங்கள். உள்முறைகேட்டைச் சொல்பவர்களுக்கான பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். சில இடங்களில் முதலில் உள்ளே புகார் செய்தால்தான் பாதுகாப்பே கிடைக்கும்.

இன்னொன்றும் உண்டு, இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். புகார் கொடுத்ததும் கம்பெனி எடுக்கும் சுலபமான முடிவு அந்த ஆர்டரை அப்படியே ரத்து செய்வதுதான். கம்பெனியின் கை சுத்தமாகிவிடும், அந்தச் சின்ன இடத்தில் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வாரக் கூலியே வராமல் போகலாம். எனவே மின்னஞ்சலிலேயே, முடிந்த வேலைக்குப் பணம் கொடுத்து, அந்த இடத்தைத் தணிக்கைக்குள் கொண்டுவரும்படி கேளுங்கள். அந்த ஆலை ஏன் வேலையை வெளியே தள்ளியது என்றும் பாருங்கள். ஆர்டர் போட்ட பிறகு டிசைனை மாற்றி, சரக்கு நாளை மட்டும் மாற்றாமல், தாமதத்துக்கு அபராதமும் போட்டால் எந்த ஆலையும் இரவில் வேறு ஆளைத் தேடத்தான் செய்யும். விலையையும் நாளையும் எழுதுகிற மேசையில்தான் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். 2020இல் கொரோனா வந்தபோது வங்கதேச ஆலைகளுக்குப் போட்டிருந்த 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்களை வாங்குவோர் ரத்து செய்தார்கள் அல்லது நிறுத்திவைத்தார்கள், தைத்து முடித்த சரக்குக்குக்கூட. பலர் அதற்குக் காட்டியது ஒப்பந்தத்தில் இருந்த தவிர்க்க முடியாத சூழ்நிலை என்ற ஷரத்தை. அந்த ஷரத்துகளை வாங்குபவர்தான் எழுதுகிறார், விற்பவர் கையெழுத்துப் போடுகிறார்.

வாங்காமல் இருந்தால்? வேலையை விட்டால்?

துணி வாங்காமல் இருப்பது உங்கள் மனசாட்சிக்கு நல்லதென்றால் செய்யுங்கள், அதனால் தையல்காரருக்கு என்ன ஆகும் என்று மட்டும் முதலில் யோசியுங்கள். 1990களின் தொடக்கத்தில் குழந்தைத் தொழிலாளர் தைத்த துணியைத் தடைசெய்ய அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது. அது சட்டமாகவே இல்லை, வரும் என்ற பயத்திலேயே வங்கதேச ஆலைகள் ஏறத்தாழ 50,000 குழந்தைகளை வெளியே அனுப்பின. பலர் பள்ளிக்குப் போகவில்லை, கல் உடைப்பது, தெருவில் விற்பது என்று இன்னும் மோசமான வேலைகளுக்குப் போனதாக யுனிசெஃப் பிறகு எழுதியது. 1995இல் ஆலை முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உட்கார்ந்து பள்ளிக்கும் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்த பிறகுதான் கொஞ்சம் உருப்படியாக நடந்தது.

மாறாக, ராணா பிளாசாவுக்குப் பிறகு வந்த தீ, கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைப் பாருங்கள். 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கையெழுத்திட்டன, தொழிற்சங்கங்கள் மறுபக்கம் கையெழுத்திட்டன, மீறினால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம் என்று எழுதியிருந்தது. சங்கங்கள் நிஜமாகவே போனார்கள், 2018இல் ஒரு நிறுவனம் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. ஆலையைவிட்டு ஓடியிருந்தால் இது நடந்திருக்காது.

வேலையை விடுவதும் இதே மாதிரிதான். உங்கள் நாற்காலியில் நாளைக்கு வேறொருவர் உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். மின்னஞ்சலுக்குப் பிறகும் உங்களை மிரட்டினால், அல்லது தூக்கமே போய்விட்டால், விடுங்கள், அதில் வெட்கம் இல்லை. ஆனால் ராஜினாமா எழுதுவதற்கு முன்பு வழக்கறிஞரைப் பாருங்கள், கட்டாயத்தின் பேரில் விலகியதாக நிறுவ முடிந்தால் கிடைக்கிற உரிமைகள், நீங்களாக விலகினால் கிடைக்காது.

அண்ணனின் வழக்கு

உலக வர்த்தக நிறுவனத்தின் மீது அவர் வழக்குப் போட முடியாது. அங்கே அரசு மட்டும்தான் இன்னொரு அரசின் மீது புகார் செய்யலாம், தனி மனிதருக்கு உள்ளே இடமே கிடையாது. அந்த அரசுகளுக்கும்கூட 2019 டிசம்பர் முதல் மேல்முறையீட்டு அமர்வு இயங்கவில்லை. தொழிலாளர் தரங்களையாவது அங்கே பேசலாமா என்றால், அதற்குரிய இடம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்புதான் என்று 1996 சிங்கப்பூர் மாநாட்டில் சொல்லி முடித்துவிட்டார்கள். தரத்தைச் சாக்காக வைத்துத் தங்கள் சரக்கைத் தடுப்பார்கள் என்று ஏழை நாடுகள் பயந்ததும் அதற்கு ஒரு காரணம், அந்தப் பயம் வீண் பயமும் இல்லை.

முதலீட்டாளர் கதை வேறு. முதலீட்டு ஒப்பந்தங்கள் இருக்கும் இடத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி நேரடியாக ஒரு நாட்டின் மீதே நடுவர் மன்றத்துக்குப் போகலாம். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கியதற்காக உருகுவே மீது பிலிப் மோரிஸ் என்ற சிகரெட் கம்பெனி 2010இல் போனது. 2016இல் உருகுவே ஜெயித்தது, ஆனால் சின்ன நாடு ஆறு வருடம் அதற்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நஷ்டப்பட்ட முதலீட்டுக்குச் சர்வதேச மன்றம் உண்டு, 19 வருட வேலையை இழந்தவருக்கு அப்படியொன்று கிடையாது. ஏற்றத்தாழ்வுக்கு வர்த்தகம் காரணமா என்று என்னிடம் கேட்டால், வர்த்தகத்துக்கு எழுதிய விதிகளில் யாருக்கு வழக்குப் போடும் உரிமை கொடுத்தார்கள் என்று பார்க்கச் சொல்வேன். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 2020இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க, மெக்சிக, கனடா ஒப்பந்தத்தில் ஒரு குறிப்பிட்ட ஆலையின் மீதே தொழிலாளர் உரிமைப் புகார் கொடுக்கும் வழி வைத்தார்கள். மெக்சிகோவில் சிலாவோ கார் ஆலையில் அதைப் பயன்படுத்திய பிறகு 2022இல் தொழிலாளர்கள் தாங்களே புதுச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுத நினைத்தால் எழுத முடியும் என்பதற்கு அது சாட்சி.

அண்ணனுக்கு உள்நாட்டில் இருப்பவை இரண்டு. தங்கள் நாட்டில் விற்கிற விலைக்கும் கீழே சரக்கை இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள் என்றால் பொருள் குவிப்புத் தடுப்பு வரி கேட்டு மனுக் கொடுக்கலாம். பொதுவாக உற்பத்தியாளர்கள்தான் கொடுப்பார்கள், சில நாடுகளில் தொழிற்சங்கமும் கொடுக்கலாம். ஆனால் ஆலை மூடிய பிறகு கிடைக்கும் வரி அவருடைய வேலையைத் திருப்பித் தராது, அதனால் அதில் அவர் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

இரண்டாவதுதான் பணம் வரக்கூடிய வழி. மூடலுக்கு முன் சட்டப்படி எத்தனை நாள் அறிவிப்புக் கொடுத்தார்கள், சங்கத்தோடு பேசினார்களா, அரசிடம் அனுமதி தேவைப்பட்டிருந்தால் வாங்கினார்களா, இழப்பீட்டுத் தொகையை 19 வருடத்துக்கும் கணக்கிட்டார்களா, இடையில் ஒப்பந்தப் பணி என்று காட்டி சில வருடங்களை வெட்டினார்களா. இதில் ஏதாவது ஒன்றில் தவறு நடந்திருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். "போட்டிபோட முடியவில்லை" என்ற காரணமும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை, அதே நிறுவனம் உற்பத்தியை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொண்டு அங்கிருந்து இறக்குமதி செய்கிறதா என்று பாருங்கள். செய்தால் இழப்பீட்டுப் பேச்சுவார்த்தையில் அண்ணன் பக்கம் கை ஓங்கும்.

மூடல் அறிவிப்பு, சம்பளச் சீட்டுகள், கடைசியாக வாங்கிய தொகைக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஏதாவது எழுதி வாங்கினார்களா என்பது, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொழிலாளர் வழக்கறிஞரிடமோ பழைய சங்கத்திடமோ போகச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போனால் நல்லது, கொள்முதல் ஒப்பந்தம் படித்துப் பழகிய கண் அந்த ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சட்டென்று பிடித்துவிடும். பணிநீக்க வழக்குகளுக்குக் காலக்கெடு சில நாடுகளில் சில வாரங்கள், சில நாடுகளில் சில வருடங்கள். அவர் ஏற்கெனவே சில மாதங்களை விட்டிருக்கிறார்.